5டபிள்யூ-30ல 30ன்னா 30 டிகிரி வெயிலா?

கரூர்க்காரன், 6 மே 2023, காலை 9.10

எங்கிட்ட 2016 மாடல் பெட்ரோல் வண்டி, 62,000 ஓடிருக்கு. இதுவரைக்கும் மேனுவல்ல போட்ட 5டபிள்யூ-30 என்ஜின் ஆயில் தான் ஊத்திட்டு வந்தேன். இந்த வாட்டி வெளி மெக்கானிக்கிட்ட விட்டேன். அவர் சொல்றாரு, அந்த ஆயில் 5 டிகிரில இருந்து 30 டிகிரி வரைக்கும் தான் தாங்குமாம், நம்ம ஊர்ல கத்திரில 41 போகுது, அதனால 20டபிள்யூ-50 போட்டா 50 டிகிரி வரைக்கும் கவலை இல்லயாம். கேக்க சரியாத்தான் இருக்கு. காலைல ஸ்டார்ட் பண்ணா கடகடன்னு ஒரு சத்தம் வேற வருது, அதுக்கும் கெட்டி ஆயில் தான் மருந்துங்கறாரு. ஊத்திரலாமா?

6 மே 2023, காலை 11.40

கரூர்க்காரரே, ஊத்தாதீங்க. அந்த 30க்கும் டிகிரிக்கும் சம்பந்தமே கிடையாது. டிகிரின்னு வச்சா ஊட்டிக்குப் போறவன் மேட்டுப்பாளையத்துல வண்டிய நிறுத்தி ஆயில் மாத்திட்டுல்ல மேல ஏறணும்.

டபிள்யூன்னா வின்டர். வெயிட்டுன்னு சொல்றவங்க நிறைய பேர், அதுவும் தப்பு. முன்னாடி இருக்க நம்பர் குளிர்ல எப்படி நடந்துக்கும்னு வச்ச பரீட்சைக்கு, பின்னாடி இருக்கது என்ஜின் சூடானப்புறம் எவ்ளோ கெட்டியா இருக்கும்னு வச்ச பரீட்சைக்கு. ரெண்டும் ரேங்க் நம்பர் மாதிரி தான். எஸ்ஏஈ ஜே300ன்னு ஒரு ஸ்டாண்டர்டு, உலகம் பூரா அதுதான். அமெரிக்காவுல 1911லயே ஆயிலுக்கு நம்பர் போட ஆரம்பிச்சிட்டாங்க, அப்புறம் திருத்தித் திருத்தி இப்ப இருக்க வடிவம்.

வெளிய 41 டிகிரி அடிச்சா அது உங்க தலைக்குத்தான். என்ஜினுக்குள்ள தெர்மோஸ்டாட் இருக்கு, கூலன்ட் 90 பக்கம் நிக்கும், ஆயில் அதுக்குப் பக்கத்துலயோ கொஞ்சம் மேலயோ. கரூர்ல மே மாசமும் அதே 90, கொடைக்கானல்ல டிசம்பரும் அதே 90. நமக்கு இங்க குளிரே இல்லாததால முன்னாடி நம்பரப் பத்தி யோசிக்கவே வேணாம், பின்னாடி நம்பர் மேனுவல்ல சொன்னது இருந்தாப் போதும்.

6 மே 2023, இரவு 10.15

காலைல அவசரத்துல அடிச்சிட்டேன், என் கதையச் சொல்லல.

நானும் இதே இருபது-அம்பது ஊத்தி ஏமாந்தவன் தான். என்னோடது 2013 மாடல், மூணு சிலிண்டர், சின்ன பெட்ரோல் வண்டி. 2021 ஏப்ரல்ல 70,000 தாண்டுனப்ப ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன் (பேர் வேணாம், இன்னும் அந்தப் பக்கமா தான் ஆபீஸ் போறேன்). "சார் வண்டி வயசாயிருச்சு, இனிமே திக்கா போட்டாத்தான் என்ஜின் நிக்கும்"னு சொன்னாரு. வயசாயிருச்சுன்னு சொன்னா யாருக்குத்தான் பயம் வராது, சரின்னுட்டேன். முதல் ரெண்டு நாள் என்ஜின் மெத்துனு ஓடுற மாதிரி இருந்துச்சு. மூணாவது நாள் காலைல சாவியத் திருப்புனா டாப்பெட் (என்ஜின் மேல வால்வத் தட்டற பாகம்) சத்தம், டகடகடகன்னு நாலஞ்சு செகண்ட், அப்புறம் தான் அடங்கும். முன்னாடி ஒரு செகண்டு கூட இருக்காது. மைலேஜ் வேற 18ல இருந்து 16.5க்கு வந்துருச்சு. 3,000 கிலோமீட்டர் பொறுத்துப் பாத்தேன், முடியல, 1,100 ரூபா போனாப் போகுதுன்னு மறுபடி 5டபிள்யூ-30 மாத்துனேன். சத்தம் போச்சு. மைலேஜும் வந்துருச்சு.

அதனால சொல்றேன், ஊத்தாதீங்க.

7 மே 2023, மதியம் 2.30

"அப்ப 30ன்னா என்ன தான், 30 என்ன, கிலோவா கிராமா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. நல்ல கேள்வி. அதுக்கு யூனிட்டே கிடையாது. ஆயில 100 டிகிரிக்கு சூடு பண்ணி ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் வழியா தன் எடைல தானா இறங்க விட்டு நேரம் பாப்பாங்க. அதுல வர்ற அளவுக்குப் பேர் சென்டிஸ்டோக், நம்பர் ஏற ஏற கெட்டி. தண்ணிக்கு 20 டிகிரில கிட்டத்தட்ட 1. அந்த 100 டிகிரில 9.3ல இருந்து 12.5க்குள்ள வந்தா அதுக்குப் பேர் 30. 12.5ல இருந்து 16.3 வரைக்கும் 40. 16.3ல இருந்து 21.9 வரைக்கும் 50. கீழ போனா 6.9ல இருந்து 9.3 வரைக்கும் 20. அதுக்கும் கீழ 16, 12, 8ன்னு வச்சிருக்காங்க, 16 வந்தது 2013ல, 12ம் 8ம் 2015ல.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஒரு கம்பெனி 30ல 12.3 இருக்கலாம், இன்னொரு கம்பெனி 40ல 12.7 இருக்கலாம். கேன் மேல பாத்தா 30, 40னு ஏதோ பெரிய வித்தியாசம் மாதிரி தெரியும், உள்ள பாத்தா அண்ணன் தம்பி. அதே சமயம் ரெண்டு 30 கேன்ல ஒண்ணு 9.5, ஒண்ணு 12.3. பாஸ் மார்க் எடுத்தவனும் ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுத்தவனும் ஒரே சட்டை போட்டு நிக்கற மாதிரி. நெட்ல அந்தந்த ஆயிலோட டேட்டா ஷீட் கிடைக்கும், ரெண்டு நிமிஷ வேலை.

இன்னொண்ணு, இது முக்கியம். என்கிட்ட இருந்த ரெண்டு ஷீட்டப் பாத்தேன். 5டபிள்யூ-30 (இனிமே டபிள்யூவ விட்டுட்டு 5-30ன்னே அடிக்கறேன், கை வலிக்குது) 40 டிகிரில சுமார் 63, 100 டிகிரில பத்தரை. 20-50 அதே 40 டிகிரில 165, 100 டிகிரில 18. இதக் கீழ இழுத்துக் கணக்குப் போட்டா, நம்ம ஊர் விடியக்காலை 28 டிகிரில 5-30 நூத்திச் சொச்சம் வருது, 20-50 முன்னூறத் தாண்டுது.

இப்ப யோசிங்க. சூடான என்ஜின்ல அந்தக் கெட்டி 20-50யே வெறும் 18 தான். ராத்திரி பூரா ஆறிக் கிடந்த "தண்ணி மாதிரி" 5-30 நூறுக்கு மேல. அதாவது மெக்கானிக் விரல்ல தொட்டுப் பாத்து "தண்ணியா இருக்கு சார்"ங்கற அந்த ஆயில், ஓடுற என்ஜின்ல இருக்க 20-50ய விட ஆறு மடங்கு கெட்டி. ஆறின ஆயில் எப்பவுமே தேவைக்கு மேல கெட்டி தான், என்ஜின் அது இளகி வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கு. விரல்ல தொட்டுப் பாத்தா தெரியறதில்ல இதெல்லாம்.

9 மே 2023, காலை 7.50

முந்தாநேத்து கணக்கப் போட்டப்புறம் தான் உறைச்சுது, 6ம் தேதி நானே எழுதுனது தப்பு. முன்னாடி நம்பரப் பத்தி யோசிக்கவே வேணாம்னு பெருசா சொல்லிட்டேன். 28 டிகிரில நூத்துக்கும் முன்னூத்துக்கும் வித்தியாசம் இருக்கில்ல? ஸ்டார்ட் பண்ண உடனே ஆயில் மேல ஏறி ஹெட்டுக்குப் போற அந்த ஒரு செகண்டு ரெண்டு செகண்டுல இதுவும் சேர்ந்து தான் விளையாடுது.

ஆனா இங்க ஒரு சிக்கல் இருக்கு, அதையும் சொல்லிடறேன். டபிள்யூ நம்பர் 28 டிகிரியப் பத்தி நேரா ஒண்ணும் சொல்றதில்ல. 5டபிள்யூன்னு பேர் வாங்க மைனஸ் 30ல பரீட்சை, ஸ்டார்ட்டர் மோட்டார் சுத்தற மாதிரி சுத்திப் பாத்து 6,600 சென்டிபாய்சுக்குள்ள (இதுவும் ஒரு கெட்டி அளவு தான்) இருக்கணும். 20டபிள்யூக்கு மைனஸ் 15 போதும், அங்க 9,500 வரைக்கும் விடுவாங்க. இத வச்சு 28 டிகிரில எது இளசுன்னு முடிவு பண்ணா சில சமயம் ஏமாந்துருவோம், 5-30யும் 5-50யும் முன்னாடி நம்பர் ஒண்ணு தான், ஆனா நம்ம காலைல 5-50 நல்லாவே கெட்டி. அதுக்கு டேட்டா ஷீட்ல 40 டிகிரின்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, நம்ம ஊர்க்காரன் பாக்க வேண்டியது அது தான்.

ஆக "டபிள்யூ இங்க வேஸ்ட்"னு சொன்னது பாதி சரி பாதி தப்பு. திட்டணும்னு நெனச்சவங்க திட்டிக்கலாம்.

14 மே 2023, ஞாயிறு, மதியம்

நம்பர் நம்பரா அடிச்சா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க, வீட்லயே செஞ்சு பாத்துட்டேன்.

ரெண்டு தேன் பாட்டில், ஒல்லியானது, முக்கா ஜாண் உயரம். ஒண்ணுல வீட்ல மிச்சம் கிடந்த 5-30, இன்னொண்ணுல ஸ்பேர் பார்ட்ஸ் கடைல அரை லிட்டர் பாக்கெட் வாங்குன 20-50. பழைய சைக்கிள் பெடல்ல இருந்து பால்ரஸ் ஒரு டஜன் தேறுச்சு, மண்ணெண்ணெய்ல கழுவி வச்சுக்கிட்டேன்.

முதல்ல ரூம்ல அப்படியே. பால்ரஸ் போட்டா ரெண்டு பாட்டில்லயும் மேல விட்ட உடனே கீழ டொக்குனு சத்தம். ஒண்ணு கொஞ்சம் லேட்டா விழுது, கண்ணால சொல்ல முடியும், ஆனா வாட்ச்ல அமுக்கறதுக்குள்ள முடிஞ்சிருது.

அப்புறம் ஃப்ரீசர்ல நேத்து ராத்திரி பூரா. டிஸ்ப்ளேல மைனஸ் 18 காட்டுது. காலைல எடுத்த உடனே துடைச்சிட்டு போட்டேன். 5-30ல பால்ரஸ் மெதுவா நகர்ந்து அஞ்சு செகண்டுல அடில உக்காந்துச்சு. 20-50ல போட்டது... மேல அப்படியே தொங்குது. முதல்ல ஒட்டிக்கிச்சுன்னே நெனச்சேன். உத்துப் பாத்தா இறங்குது, கெட்டித் தேன்ல எறும்பு விழுந்த மாதிரி. 37 செகண்டு. இன்னொரு தடவ போட்டா 35, அதுக்குள்ள பாட்டில் இளக ஆரம்பிச்சிருச்சு போல.

சூட்டுக்கு கண்ணாடி வேணாம்னு ரெண்டு எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தி, கொதிக்கற தண்ணிப் பாத்திரத்துக்குள்ள பத்து நிமிஷம் உக்கார வச்சேன். ஸ்பூனால எடுத்து ஊத்துனா ரெண்டும் ரசம் மாதிரி ஊத்துது. 20-50 ஒரு இத்தினி தடிமன். கண்ண மூடிக்கிட்டு ஊத்தச் சொன்னா எது எதுன்னு என்னால சொல்ல முடியாது.

சூட்டுல ரெண்டும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒண்ணா இருந்துட்டு குளிர்ல மட்டும் ஏழு மடங்கு விலகுது, இது தான் முழு விஷயமும்.

14 மே 2023, இரவு

மீன் வச்சிருந்த டப்பா பக்கத்துல ஆயில் பாட்டில வச்சதுக்கு வீட்ல நடந்தத இங்க எழுத முடியாது. ஃப்ரீசர் கழுவுனது நான்.

28 மே 2023, மாலை

"கம்பெனிக்காரன் மைலேஜ் காட்டறதுக்காக 0-20 ஊத்தச் சொல்றான், வாரன்டி முடிஞ்சு என்ஜின் போனா அவனுக்கென்ன"ன்னு கேட்டவருக்கு.

பாதி உண்மைன்னு தான் சொல்லுவேன். கம்பெனி விக்கற மொத்த வண்டிக்கும் சேத்து சராசரி புகைக் கணக்கு ஒண்ணு அரசாங்கம் வச்சிருக்கு, 2017 ஏப்ரல்ல ஆரம்பிச்சு, 2022ல இன்னும் இறுக்கிட்டாங்க. ஒரு சொட்டு பெட்ரோல் மிச்சமானாலும் அவனுக்கு லாபம், இளசான ஆயில் அதுக்கு சுலபமான வழி. அமெரிக்க மேனுவல்ல 0-20 மட்டும் போட்டிருக்க சில என்ஜினுக்கு ஆஸ்திரேலிய மேனுவல்ல நாலஞ்சு கிரேடு போட்டிருக்கறதையும் பாத்திருக்கேன். என்ஜின் ஒண்ணு தான், சட்டம் தான் வேற. அதனால ஒரே ஒரு கிரேடு தான் வேதம்னு நானும் சொல்ல மாட்டேன்.

ஆனா மறுபாதி இருக்கு. 0-20க்குன்னு கட்டுன என்ஜின்ல பம்பு, பேரிங் இடைவெளி, பிஸ்டன் ரிங்கு எல்லாம் அதுக்குத் தகுந்த மாதிரி. அதுல 20-50 ஊத்துனா பம்பு அழுத்தம் எகிறி ரிலீஃப் வால்வு திறந்துக்கும், மிச்ச ஆயில் மேல போகாம, அடில ஆயில் தேங்கற சம்ப்புக்கே திரும்ப வந்துரும். "ப்ரஷர் நல்லாருக்கு"ன்னு சந்தோஷப்படறோம், வேண்டிய இடத்துக்கு ஆயில் போகுதான்னு யாரு பாத்தா.

என்ஜினக் காப்பாத்தறது எதுன்னா, 100 டிகிரி நம்பர விட, 150 டிகிரில வேகமா அரைச்சு எடுக்கற இன்னொரு பரீட்சை, ஹெச்டிஹெச்எஸ்ன்னு போட்டிருப்பாங்க. கிராங்க் பேரிங்ல நடக்கறதுக்கு அதுதான் கிட்ட வரும். 20க்கு 2.6 இருந்தாப் போதும், 30க்கு 2.9, 5-40க்கு 3.5, 15-40க்கும் 50க்கும் 3.7. மலைல ஃபுல் லோடுல ஏறிக்கிட்டே இருக்கீங்க, பைபாஸ்ல 120ல மணிக்கணக்கா போறீங்க, ஆயில் 120 டிகிரி தாண்டுதுன்னா இந்த நம்பருக்கு அப்ப தான் வேலை வருது. ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் போற வண்டிக்கு இல்ல.

(கெட்டி ஆயில் எந்த வண்டிக்குமே கூடாதுங்கறேன்னு நெனச்சுக்காதீங்க. பழைய அம்பாசடர் ஓடுனதெல்லாம் 20-40, 20-50ல தான், அந்த என்ஜின் அதுக்குப் பொறந்தது.)

29 மே 2023

விட்டுப்போச்சு. பிஎஸ்6 டீசல் வச்சிருக்கவங்க நம்பர மட்டும் பாத்து வாங்காதீங்க. புகைக்குழாய்ல டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு, சாம்பல் அதிகமா விடற ஆயில் ஊத்துனா அது அடைச்சிக்கும், மாத்தறதுக்கு ஆகற காச கேட்டா மயக்கம் வரும். அதுக்குன்னு சி2, சி3, சி5ன்னு ஐரோப்பிய முத்திரை இருக்கும், மேனுவல்ல எது போட்டிருக்கோ அது கேன் பின்னாடி இருக்கணும். பெட்ரோலுக்கு ஏபிஐ எஸ்பின்னு முத்திரை இருந்தாப் போதும், 2020ல வந்தது. கேன் முன்னாடி எழுதிருக்க "அல்ட்ரா", "மேஜிக்" எல்லாம் பெயின்டர் வேலை.

11 ஜூன் 2023

மிச்ச ஆயில பைக்ல ஊத்தலாமான்னு கேள்வி. நான் ஊத்துனேன், அனுபவம் சொல்றேன்.

என் வண்டிக்கு மூணு லிட்டர் கூட புடிக்காது, மூன்றரை லிட்டர் கேன் வாங்குனா ஒவ்வொரு வாட்டியும் அரை லிட்டருக்கு மேல மிச்சம். ரெண்டு வருஷத்துல சேந்தத அப்பாவோட 100 சிசி பைக்ல ஊத்திட்டேன். ஆயில் தான, இளசா இருந்தா நல்லா இழுக்கும்னு நெனப்பு. ஒரு வாரம் கழிச்சு அப்பா சிறுமலைக்குப் போறாரு, பதினெட்டு வளைவு. ஆறாவது வளைவுல போன் பண்றாரு, "ஏன்டா வண்டி கத்துது, ஆனா ஏற மாட்டேங்குது". கிளட்ச் வழுக்குது. பைக்ல கிளட்ச்சும் கியரும் என்ஜின் ஆயில்லயே முங்கிக் கிடக்கு, கார் ஆயில்ல உராய்வக் குறைக்கற மருந்து போட்டிருப்பான், பெட்ரோல் மிச்சம் பண்ணணும்ல. உராய்வே இல்லன்னா கிளட்ச் எதப் புடிக்கும்? பைக் ஆயில்ல ஜாசோ எம்ஏ, இல்ல எம்ஏ2ன்னு முத்திரை இருக்கும், அது தான் வேணும். நம்பர் ரெண்டும் ஒண்ணா இருந்தாலும் ஆயில் ஒண்ணு இல்ல. கியர் ஸ்கூட்டர் இல்லாம சும்மா ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர்னா கிளட்ச் வறண்டு தான் இருக்கும், அங்க இந்தப் பிரச்சினை வராது.

அப்பா இறங்கி வந்து என்கிட்ட ரெண்டு நாள் பேசல.

11 ஜூன் 2023, பின்குறிப்பு

"90 நம்பர் ஆயில் இருக்கே, அது ஊத்துனா இன்னும் கெட்டியா இருக்குமே"ன்னு கேட்டவர் விளையாட்டுக்குத்தான் கேட்டாருன்னு நம்பறேன். அது கியர் ஆயில், அதோட நம்பர் வரிசையே தனி. கியர்ல 90ன்னு சொல்றது என்ஜின் கணக்குல 40, 50 பக்கம் தான் வரும். அதுக்காக ஊத்திராதீங்க.

19 ஆகஸ்ட் 2023

கரூர்க்காரர் திரும்பி வந்திருக்காரு. 20-50 ஊத்தல, 5-30யே போட்டாராம், ஆனா காலைல அந்தக் கடகடப்பு அப்படியே இருக்காம். "நீங்க சொன்னதக் கேட்டேன், என்ன ஆச்சு"ன்னு கேக்கறாரு. நியாயம்.

ஃபில்டர் மாத்துனீங்களான்னு கேட்டேன். ஆயில் மட்டும் மாத்தி, ஃபில்டர் "நல்லாத்தான் இருக்கு, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்"னு விட்டுட்டாங்களாம்.

இதப் படிச்சதும் எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது. ஏன்னா நான் 2021ல 20-50ல இருந்து திரும்ப 5-30க்கு மாறுனப்ப ஃபில்டரும் மாத்துனேன். பழைய பில்லத் தேடி எடுத்துப் பாத்தேன், ஆமா, ஃபில்டர் 140 ரூபா. அதுக்கு முன்னாடி அந்த ஒர்க்‌ஷாப்ல போட்டது ஏதோ பேர் தெரியாத ஃபில்டர்.

விஷயம் என்னன்னா, திருகிப் போடற ஃபில்டருக்குள்ள வாய்க்கிட்ட ஒரு ரப்பர் தட்டு இருக்கும். என்ஜின் நின்னப்புறம் மேல ஏறின ஆயில் திரும்ப சம்ப்புக்கு வழிஞ்சு போயிராம அது தான் புடிச்சு வைக்குது. ஃபில்டர் படுத்த வாக்குல மாட்டிருக்க என்ஜின்ல அதுக்கு இன்னும் வேலை ஜாஸ்தி. மட்டமான ரப்பர்னா கொஞ்ச நாள்லயே விறைச்சிக்கும், ராத்திரி பூரா ஆயில் சொட்டு சொட்டா வழிஞ்சு காலைல மேல வறண்டு கிடக்கும், ஸ்டார்ட் பண்ணா திரும்ப நிரப்பற வரைக்கும் டகடக. அப்ப எந்த கிரேடா இருந்தா என்ன.

ஆக என் டாப்பெட் சத்தத்துக்கு 20-50 காரணமா, அந்த ஃபில்டர் காரணமா? எனக்குத் தெரியல. ரெண்டையும் ஒரே நாள்ல மாத்திட்டு ஒண்ணுக்கு மட்டும் மாலை போட்டுட்டேன். ரெண்டு வருஷமா நாலு பேருக்கு இந்தக் கதையச் சொல்லிட்டு இருக்கேன் வேற.

மைலேஜ் கதையும் அதே லட்சணம். 18ல இருந்து 16.5ன்னு சொன்னேன்ல, அது ஏப்ரல், மே, ஜூன். ஏசி ஃபுல்லு. திரும்ப 18 வந்தது ஆடி மாசக் காத்துல, ஜன்னல இறக்கிட்டுப் போனப்ப. கெட்டி ஆயில் மைலேஜக் கொஞ்சம் திங்கும், அதுல சந்தேகமில்ல, ஆனா லிட்டருக்கு ஒண்ணரை கிலோமீட்டரும் ஆயில் தலைல கட்டுனது அநியாயம்.

20-50 ஊத்த வேணாங்கற முடிவ நான் மாத்திக்கல. அதுக்கு நான் சொன்ன சாட்சி தான் சரியில்ல.

2 செப்டம்பர் 2023

கரூர்க்காரர் நல்ல ஃபில்டர் போட்டாராம், சத்தம் முக்காவாசி போச்சாம். மிச்சம் கால்வாசிக்கு என்னன்னு கேக்கறாரு. என்ஜினுக்குள்ள டைமிங் செயின இழுத்துப் புடிக்கற டென்ஷனரக் காட்டுங்க. நான் இனிமே ஆயில்னு சொல்ல மாட்டேன்.

30 டிசம்பர் 2023

ரொம்ப நாள் கழிச்சு. கனடா ஸ்கார்பரோல இருக்க சித்தி பையன் வந்திருக்கான், இந்தப் பேச்சு வந்துச்சு. அவன் வண்டிக்கு 0-20. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஜனவரி காலைல மைனஸ் 24, பேட்டரி பாதி செத்திருந்தும் ஸ்டார்ட் ஆயிருச்சுங்கறான். அங்க டபிள்யூ நம்பர் நிஜமாவே உயிர். சுத்தறது ஒரு கவலை, அதவிடப் பெரிய கவலை பம்பு ஆயில உறிய முடியுமாங்கறது. நம்ம தேங்காண்ணெய் மார்கழில பாட்டிலுக்குள்ள உறைஞ்சு நிக்குதே, கவுத்தாலும் வராதே, அந்த மாதிரி ஆயில் கூழாகி நின்னுட்டா பம்பு காத்தத்தான் உறியும். என்ஜின் ஸ்டார்ட் ஆயிரும், ஓடும், உள்ள ஆயில் இருக்காது. 1980-81 குளிர்காலத்துல அமெரிக்காவுல சூ ஃபால்ஸ் பக்கம் இப்படித்தான் நிறைய என்ஜின் போச்சு. அந்த ஆயில் எல்லாம் அப்ப இருந்த பரீட்சைல பாசானது தான், ஆனா மெதுவா, பல மணி நேரம் ஆறினா கூழாகும்னு அந்தப் பரீட்சைல தெரியல. அப்புறம் தான் ஆயில ரெண்டு நாள் மெல்ல மெல்லக் குளிர வச்சுப் பாக்கற பரீட்சை வந்துச்சு. இப்ப 5டபிள்யூக்கு மைனஸ் 35லயும் 60,000 சென்டிபாய்சத் தாண்டக் கூடாது, கூழா நிக்கவும் கூடாது.

அவன் கேட்டுட்டு "உங்களுக்கு இங்க இதெல்லாம் எதுக்குண்ணே"ன்னான். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்க தாத்தா தோட்டத்துக் கிணத்து என்ஜினச் சொன்னேன். அஞ்சு குதிரை டீசல் என்ஜின், ஹேண்டில் போட்டுச் சுத்தி ஸ்டார்ட் பண்றது. வெறும் 40 நம்பர் ஆயில், அதுல டபிள்யூவே கிடையாது. சித்திரைல ஒரு ஆள் சுத்திருவாரு. மார்கழி விடியக்காலைல சிலிண்டர் அழுத்தத்த விட்டுடற டீகம்ப்ரஷன் லீவரத் தூக்கி விட்டும் ஹேண்டில் நகராது, சேத்துல உலக்கைய ஆட்டற மாதிரி இருக்கும். ரெண்டு பேர் மாத்தி மாத்திச் சுத்தணும், வேகம் புடிச்சப்புறம் தாத்தா லீவரத் தட்டி விடுவாரு, டுப்பு டுப்புன்னு எடுத்துரும். 18, 19 டிகிரி தான் இருக்கும் அப்ப, பனி கூட சரியா இருக்காது. ஹேண்டில் போட்ட கைக்கு சென்டிஸ்டோக் நல்லாவே தெரியும். இப்ப ஸ்டார்ட்டர் மோட்டார் அந்த வேலையச் செய்யுது, அதுக்கு வாய் இல்ல.

14 ஜனவரி 2024

போகிக்கு ஆயில் மாத்துனேன். 1,03,400. இந்த வாட்டி 5-40.

திட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, மேனுவல்ல தெர்மாமீட்டர் மாதிரி ஒரு படம் இருக்கும், கோடு கோடா, அதுல 5-30 முதல்ல, அதுக்கப்புறம் 5-40யும் இருக்கு என் வண்டிக்கு. 5,000 கிலோமீட்டருக்கு 300 மில்லி குடிக்க ஆரம்பிச்சிருச்சு, டிப்ஸ்டிக்ல கோடு இறங்கறது கண்ணுக்குத் தெரியுது. ரிங்கு தேய்ஞ்சிருக்கும், ஒரு படி கெட்டி போட்டா குடிக்கறது குறையுதான்னு பாக்கறேன். 2021ல அந்த மெக்கானிக் சொன்னதும் கிட்டத்தட்ட இது தான், அவர் ரெண்டு படி தாண்டிட்டாரு, அதுவும் வண்டி குடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே.

ஃபில்டர் அதே கம்பெனி, அதே மாடல், வேற எதையும் தொடல. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்தறதுன்னு வச்சிருக்கேன்.

காலி கேன்ல ஆணியால நாலு ஓட்டை போட்டுத்தான் பழைய இரும்புக்காரர்கிட்ட குடுத்தேன். முழுசா குடுத்தா அதுலயே ஏதாவது நிரப்பி மறுபடி கடைக்கு வந்துரும், எவனாவது 5-30ன்னு நம்பி வாங்குவான். இரும்புக்காரர் மூஞ்சியச் சுளிச்சாரு, "ஓட்டை போட்டா அஞ்சு ரூபா கம்மி சார்".